அரக்கன், ராட்சதன், இராக்கதன் : ஒரு சொல்லின் ஆற்றல் மாற்றங்களும் மொழிபெயர்ப்பும்

1. சிக்கல்

திருவனந்தபுரத்தில் நிகழ்ந்த மொழிபெயர்ப்புப் பயிற்சி வகுப்பொன்றில் மாணவர் ஒருவர் ஒரு பக்க அளவிலான ஆங்கிலப் பகுதியைக் கொணர்ந்து, அதன் தலைப்புச் சொல்லைத் தமிழில் எவ்வாறு எழுதுவது என வினவினார். தலைப்புச் சொல் 'ரக்ஷாசா'. பகுதி எடுக்கப்பெற்ற நூல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டின் உயிரினக் கையேடு. வடமொழியிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்ற சொல் தமிழுக்கு வருவதில் என்ன இடர்ப்பாடு இருக்க முடியும் என்றுதான் முதலில் தோன்றியது. வகுப்பில் மூன்று விடைகள் கிடைத்தன: அரக்கன், ராட்சசன், மாயாவி. மூன்றையும் தவறென ஒதுக்க இயலவில்லை. ஆனால் அப்பகுதியை ஒவ்வொரு சொல்லாலும் தொடங்கிப் படித்துப் பார்த்தபோது மூன்றுமே பொருந்தாமல் நின்றன. ஏன் பொருந்தவில்லை என்பதை ஆராய முற்பட்டதன் விளைவே இக்கட்டுரை.

இவ்விளையாட்டை அறியாதார் பொருட்டுச் சிறு விளக்கம் தேவைப்படுகிறது. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் உருவாக்கிய இவ்விளையாட்டில் ஆடுவோர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். ஒருவர் கதையை நடத்திச் செல்வார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் என்ன செய்கிறது என்பதை வாயால் சொல்வர். செயல் வெற்றி பெறுமா என்பதைப் பகடை முடிவு செய்யும். பாத்திரங்களுக்கு எதிர்ப்படும் விலங்குகள், பேய்கள், அரக்கர் முதலியோரின் இயல்புகளைத் தொகுத்துத் தருவது உயிரினக் கையேடு. அதன் ஒவ்வொரு பதிவும் இரு கூறுகள் உடையது. ஒன்று ஆற்றல் பட்டியல்: எண்கள், தாக்கும் முறை, எது அவ்வுயிரை ஊறுபடுத்தும், எது படுத்தாது என்பன. மற்றொன்று கதைக்குறிப்பு: அது எங்கிருந்து வந்தது, எவ்வாறு வாழ்கிறது என்பன.

மொழியியலாருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கப்படலாம். இக்கையேடு ஒருவகை அகராதி. தலைச்சொல் உண்டு; பொருள்விளக்கம் உண்டு; அகரவரிசையும் உண்டு. ஆனால் வழக்கமான அகராதியில் இல்லாத ஒரு கட்டாயம் இதற்கு உண்டு. விளக்கத்தில் உள்ள ஒவ்வொரு தொடரும் மேசையில் ஒரு விளைவை உண்டாக்க வேண்டும். பொருள் மயங்கினால் ஆட்டம் நின்றுவிடும். மேலும், பதிப்புக்குப் பதிப்பு விளக்கங்கள் மாற்றப்படுகின்றன. எந்த ஆண்டில் எது மாறியது என்பதும் துல்லியமாகத் தெரிகிறது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் ஒரு சொல்லின் பொருள்கள் எண்ணிட்டுத் தரப்பட்டிருந்தும், ஒவ்வொரு பொருளும் எப்போது தோன்றியது என்னும் ஆண்டுக்கணக்கு இல்லை. பொருள் மாற்றத்தைக் கண்முன் காண விரும்புவோர்க்கு இவ்விளையாட்டுக் கையேடு, அதன் நோக்கம் வேறாயினும், அரிய சான்றாகும்.

நடைமுறைக் காரணமும் உண்டு. 2023 சனவரியில் இவ்விளையாட்டின் அடிப்படை விதித்தொகுப்பை அதன் உரிமையாளராகிய விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் வெளியிட்டது. மூலத்தைச் சுட்டிவிட்டு யாரும் அதனை எம்மொழியிலும் பெயர்க்கலாம். 'ரக்ஷாசா' அத்தொகுப்பில் இடம்பெறுகிறது. ஆனால் பொதுவுடைமையாக்கப்பட்டது ஆற்றல் பட்டியல் மட்டுமே. கதைக்குறிப்பு விலைக்குரிய நூலிலேயே நின்றுவிட்டது. ஆகவே தமிழில் பெயர்ப்பவர் கையில் கிடைப்பது கதை நீக்கப்பட்ட ஒரு பெயரும் சில எண்களும். கதையைத் தமிழ்ச் சொல்லே சுமந்து வர வேண்டிய நிலை. சொல் தேர்வு இங்கே முதன்மை பெறுவது இதனால்தான்.

2. 'ஆசி' என்னும் அடையின் பயணம்

1977இல் வெளியான முதல் கையேட்டில் ரக்ஷாசா முதன்முதலில் இந்தியாவில் அறியப்பட்டது என்னும் குறிப்பு உண்டு. மனித ஊன் விரும்புவது. எதிர்ப்படுவோரின் எண்ணத்தை அறிந்து, அவர்கள் நட்புக்குரியதாகக் கருதும் உருவில் தோன்றுவது. எட்டாம் படிக்குக் கீழ்ப்பட்ட மந்திரங்கள் அதனைத் தாக்கா. சாதாரணப் படைக்கலங்களும் தாக்கா. ஆனால் சமயகுரு ஒருவரின் ஆசி பெற்ற குறுக்குவில் கணை பட்டால் உடனே இறந்துபடும். டேவிட் டிராம்பியர் வரைந்த படத்தில் புலித்தலையுடைய ஓர் உருவம் மேனாட்டுச் செல்வரின் வீட்டு அங்கி தரித்து, புகைக்குழாயோடு அமர்ந்திருக்கிறது. பின்வந்த பதிப்புகளின் புலித்தலை இப்படத்தின் வழிவந்தது எனலாம். உள்ளங்கை புறமாகத் திரும்பியிருக்கும் என்பதும் பின்வந்த பதிப்புகளில் நிலைபெற்ற ஓர் அடையாளம்.

ஆசி பெற்ற கணை நம் கதைகளில் எங்கிருந்து வந்தது என்று தேடுவது பயன் தராது. 1974இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'கோல்சாக்' என்னும் தொடரின் ஒரு பகுதியில் ராட்சசன் ஒருவன் இரையாவோர் நம்பும் மனிதரின் உருவில் வருகிறான். ஆசி பெற்ற குறுக்குவில் கணையால் கொல்லப்படுகிறான். மூன்றாண்டுகளுக்குப் பின் கையேட்டில் அவ்விரு கூறுகளும் இணைந்தே காணப்படுகின்றன. இதனை நம் மரபைத் திரித்த குற்றமாகக் கூறுவோர் உளர். அக்குற்றச்சாட்டு வலுவற்றது என்பதைப் பின்னர்க் காண்போம். ஈண்டுக் கருதத்தக்கது அவ்வடையின் இடப்பெயர்ச்சி.

2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பிலும் ஆசி கணையோடுதான் இருந்தது. 2003இல் திருத்தப்பட்டபோது 'ஆசி' நீங்கி, படைக்கலம் 'நன்மை'த் தன்மை உடையதாகவும் துளைப்பதாகவும் இருத்தல் வேண்டும் என்றாயிற்று. 2014இல் நன்மை படைக்கலத்தினின்று பெயர்ந்து அதனை ஏந்துவோனைச் சென்றடைந்தது: நல்லோர் ஏந்திய மந்திரப் படை துளைத்தால் ஊறு இரட்டிக்கும். 2025இல் வெளியான கையேட்டில் ஏந்துவோன் நல்லவனா தீயவனா என்பது கேட்கப்படவில்லை. அவன் ஆசி மந்திரத்தின் பயனைப் பெற்றிருத்தல் போதும். ஆசி திரும்பி வந்துவிட்டது, ஆனால் கணைக்கன்று, கணை விடுவோனுக்கு.

ஐம்பதாண்டுத் திருத்தங்களின் சாரம் ஓர் அடை எதனைத் தழுவும் என்பதே. இதனைத் தமிழில் எழுதிப் பார்க்கும்போது வியப்பான ஒன்று புலப்படுகிறது. 'ஆசி பெற்ற வீரன் கணை' என்னும் தொடரை நோக்குக. ஆசி பெற்றவன் வீரனா, ஆசி பெற்றது கணையா? பெயரெச்சம் அண்மையிலுள்ள 'வீரன்' என்பதையும் தழுவலாம். 'வீரன்' என்பதைக் கடந்து சேய்மையிலுள்ள 'கணை' என்பதையும் தழுவலாம். 1977ஆம் ஆண்டு விதியும் 2025ஆம் ஆண்டு விதியும் இந்நான்கு சொற்களுக்குள் ஒருங்கே அடங்கிவிடுகின்றன. ஆங்கிலத்தில் அடை பெயரை ஒட்டி நிற்பதால் ஒவ்வொரு முறையும் புதிதாக விதி எழுத வேண்டியிருந்தது.

இது தமிழின் பெருமை என்று மகிழ வேண்டியதில்லை. விளையாட்டின் நோக்கில் இது குறை. கதை கேட்போர் இம்மயக்கத்தைப் பொருட்படுத்த மாட்டார். பகடையைக் கையில் வைத்திருப்பவர் பொருட்படுத்துவார். எனவே மொழிபெயர்ப்பாளர் 'வீரனின் ஆசி பெற்ற கணை', 'ஆசி பெற்ற வீரனால் எய்யப்பட்ட கணை' என்பன போல் நீட்டி எழுத வேண்டும். இவற்றுள் முதலாவதும் முழுத் தெளிவுடையதன்று: ஆசி அளித்தவனே வீரன் என்றும் பொருள்படும். ஆசி யாரிடமிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் 'ஆசி பெற்ற' என எழுதுவது தமிழில் எப்போதுமே அரைகுறைத் தொடராகத்தான் நிற்கிறது. வகுப்பில் இவ்வொரு தொடருக்கே ஒரு மணி நேரம் செலவாயிற்று.

3. ஒரு மூலம், மூன்று பங்காளிகள்

இனிச் சொல்லுக்கு வருவோம். ரகரம் தமிழில் மொழிமுதலாகாது. தொல்காப்பியர் மொழிமுதல் எழுத்துகளைத் தொகுத்தவிடத்து அது இல்லை. இத்தகைய வடசொற்கள் அகர, இகர, உகரங்களுள் ஒன்றை முன்பெற்று வரும் என்பது நன்னூலார் விதி. அகரம் பெற்றது அரக்கன். இகரம் பெற்றது இராக்கதன். க்ஷகரம் ககர இரட்டையானது பிராகிருதத் தடத்தைக் காட்டுகிறது. 'அரக்கு' என்னும் சொல்லோடு இதனைத் தொடர்புபடுத்தித் தமிழ் மூலம் காண்போரும் உண்டு. ஆயினும் இராக்கதன், ராட்சசன் ஆகியவற்றோடு ஒருங்கு வைத்து நோக்குகையில் வடமொழி மூலமே பொருந்துவதாகத் தோன்றுகிறது.

சங்க நூல்களில் இச்சொல் வருமிடங்கள் சிலவே. புறநானூறு 378ஆம் பாட்டில் சீதையைக் கவர்ந்தவன் பெயரின்றி 'அரக்கன்' என்றே சுட்டப்படுகிறான். அவனுக்குத் தரப்படும் அடை வலிமை பற்றியது. கலித்தொகை 38ஆம் பாட்டில் அரக்கர் தலைவன் மலையைப் பெயர்க்க முயல்கிறான். இரண்டிடத்தும் முதன்மை பெறுவது உடல் வலி. உருமாற்றமோ மாயமோ அங்கே பேசப்படவில்லை. கம்பனில் அரக்கர், இராக்கதர், நிருதர் என்னும் பெயர்கள் பெருகுவதோடு ஆற்றல்களும் பெருகுகின்றன: மாரீசன் மானாகிறான், சூர்ப்பணகை அழகியாகிறாள், இராவணன் துறவியாகிறான், இந்திரசித்து மறைந்து நின்று போர் செய்கிறான். இரவில் வலிமை மிகுவது என்னும் கூறும் இதிகாசங்களில் அழுத்தமாக உள்ளது. தாடகையைப் பொழுது சாயுமுன் கொன்றுவிடுமாறு வான்மீகியில் விசுவாமித்திரர் விரைவுபடுத்துகிறார். பாரதத்தில் கடோற்கசனின் வலிமை இரவுப் போரில்தான் பெருகுகிறது. விளையாட்டுக் கையேடு இவ்விரவை முற்றாக விட்டுவிட்டது. நிசாசரர் என்னும் பெயரின் பொருளே அங்கு இல்லை.

இக்காலத் தமிழ் என்ன செய்திருக்கிறது? ஒரே மூலத்திலிருந்து வந்த சொற்களுக்குப் பொருளைப் பாகப்பிரிவினை செய்து கொடுத்திருக்கிறது. 'ராட்சத' என்னும் பெயரடை பருமையைப் பெற்றுக்கொண்டது: ராட்சதக் குழாய், ராட்சத ராட்டினம், ராட்சத பலூன். 2004 திசம்பர் 26க்குப் பின் நாளிதழ்கள் 'ராட்சத அலைகள்' என்று எழுதியதைக் குளச்சல், நாகப்பட்டினம் ஆகிய ஊர்களின் செய்திகளைப் படித்தோர் நினைவுகூரலாம். அங்குத் தீமை பற்றிய குறிப்பு இல்லை. அளவு பற்றிய குறிப்பே உண்டு. (இவ்வடிவில் க்ஷகரம் 'ட்ச' என நின்றிருக்க, ஸகரம் மட்டும் 'மாதம்' என்பதிற்போலத் தகரமானது. ஒரே சொல்லில் பாதி புதுக்கடன், பாதி பழங்கடன்.) அரக்கன் கொடுமையைப் பெற்றுக்கொண்டான்: அரக்கத்தனம், மது அரக்கன். ராட்சத மது என்றோ அரக்க ராட்டினம் என்றோ யாரும் எழுதுவதில்லை. எஞ்சிய 'ராட்சசன்', 'ராட்சசி' இரண்டும் பால்வழிப் பிரிந்தன. 2018இல் வந்த 'ராட்சசன்' திரைப்படத்தின் தலைப்பு கொலைகாரனைச் சுட்டுகிறது. அடுத்த ஆண்டின் 'ராட்சசி' பள்ளித் தலைமையாசிரியை ஒருவரின் கண்டிப்பைச் சுட்டுகிறது. பெண்பால் வடிவம் செல்லச் சொல்லாகவும் வழங்குவது யாவரும் அறிந்ததே.

இவற்றோடு விளையாட்டின் ரக்ஷாசாவை ஒப்பிடுக. கையேட்டில் அதன் அளவு நடுத்தரம், அதாவது மனித அளவு. எனவே 'ராட்சதன்' என்று பெயர்த்தால், ராட்சதன் ஆளுயரமே உள்ளான் என்று எழுத நேரும். தமிழ் வாசகன் சிரிப்பான். 'அரக்கன்' என்றால் கொடுமையும் முரட்டு வலிமையும் முன்னிற்கும். ஆனால் கையேட்டின் ரக்ஷாசா வலிமையால் வெல்வதன்று, நயவஞ்சகத்தால் வெல்வது. பட்டுடுத்தி, விருந்தளித்து, நண்பனின் முகத்தோடு பேசுவது. ஆங்கிலம் இச்சொல்லிலிருந்து எடுத்துக்கொண்ட பங்கு மாயம். தமிழ் பருமையையும் கொடுமையையும் எடுத்தது. விளையாட்டு வஞ்சகத்தை எடுத்தது. மூவரும் ஒரு சொத்தின் பங்காளிகள். ஒருவர் மற்றவரைத் திருடன் எனக் கூற இயலாது. நம் மரபைத் திரித்துவிட்டனர் என்னும் குற்றச்சாட்டை வலுவற்றது என மேலே கூறியது இதனால்தான். நாம் 'ராட்சதக் குழாய்' என்று எழுதும்போது இராவணனைத் திரித்தோம் என்று யாரும் நம்மைக் குறை கூறவில்லை.

4. மலையாளத்தின் சான்று

திருவனந்தபுரத்திலிருந்து எழுதுபவன் மலையாளத்தைக் கருதாமல் செல்ல இயலாது. மலையாளம் இப்பாகப்பிரிவினையை வேறுவிதமாகச் செய்தது. 'ராக்ஷசன்' இதிகாசத்தில் நின்றான். 'ரக்ஷஸ்' கோயில் வளாகத்தில் துணைத் தெய்வமாயிற்று. பிரம்மரக்ஷஸ்ஸுக்குப் பால்பாயசம் நிவேதனம் செய்யும் கோயில்கள் கேரளத்தில் பல. ஒரே வேரினின்று தோன்றிய இரு வடிவங்களுள் ஒன்று கொல்லப்படுவது, மற்றொன்று ஊட்டப்படுவது. இதனையொத்த பிளவு 'யக்ஷி' என்னும் சொல்லிலும் காணப்படுகிறது. மலையாளக் கதைகளில் யட்சி பனைமரத்தடியில் சுண்ணாம்பு கேட்டு நின்று இரத்தம் குடிப்பவள். எல்லைக்கு அப்பால் குமரி மாவட்டத்தில் அதே சொல்லின் வழிவந்த இசக்கி கையில் குழந்தையோடு காவல் நிற்பவள். அம்மாவட்டத்துச் சிதறால் மலையிலுள்ள சமணச் சிற்பங்களில் இயக்கி தீர்த்தங்கரரின் பணிமகள். உயிரினக் கையேட்டு ஆசிரியர் எவரும் இம்மூன்றுக்கும் ஒரே ஆற்றல் பட்டியல் எழுத முடியாது.

கதகளியும் ஒரு வகையில் கையேடுதான். முகத்து வண்ணம் பாத்திரத்தின் இயல்பைப் பார்த்த மாத்திரத்தில் கூறிவிடும். ஆயின் அங்கு இராவணனுக்குக் கத்தி வேடம். பச்சையின் நடுவே சிவப்பு. அவனுடன் பிறந்த சூர்ப்பணகைக்குக் கரி வேடம். வண்ணம் குலத்திற்கு அன்று, ஆளுக்கு. விளையாட்டுக் கையேடு ரக்ஷாசா குலம் முழுவதையும் ஒரே அறநிலைக்கு உட்படுத்துகிறது. 1977இலும் 2014இலும் அது மாறவில்லை. அவ்வறநிலையின் பெயரைப் பெயர்ப்பதே பெரும்பாடு. சொல்லுக்குச் சொல் வைத்தால் 'சட்டப்படியான தீமை' என வரும். தமிழில் அது ஊழல் வழக்கைப் போல ஒலிக்கிறது. 'ஒழுங்குடைத் தீமை' என்பது சற்றுப் பொருந்தும். அதனினும் முக்கியமானது, வீடணனுக்கு இப்பட்டியலில் இடமில்லை என்பது. வீடணன் அரக்கனாகப் பிறந்தான், அரக்கனாகவே முடிசூடினான். கையேட்டின் விதிப்படி அவன் பிழைப் பதிவு.

5. வரமும் பட்டியலும்

ஆற்றல் பட்டியல் நம் மரபுக்கு முற்றிலும் புறம்பானது என்று கருதுவதும் தவறு. 'இன்னின்னவை இவனைத் தாக்கா' என்னும் வாசகம் நமக்கு நன்கு பழகியது. அதன் பெயர் வரம். இராவணன் கேட்டது ஒரு பட்டியல்: தேவர், நாகர், இயக்கர், தானவர் முதலியோரால் தனக்கு இறப்பு வாராமை. மனிதரைப் புல்லெனக் கருதி விட்டுவிட்டான். கதகளியில் 'ராவணோத்பவம்' காண்போர் இத்தவத்தையும் வரம் பெறுதலையும் ஒருவரே நெடுநேரம் ஆடிக் காட்டுவதைக் கண்டிருப்பர். அவனுடைய இறப்பு அவன் உடலில் இல்லை. ஒரு வாக்கியத்தின் விடுபாட்டில் உள்ளது. 'ஆறாம் படிக்கு உட்பட்ட மந்திரங்கள் தாக்கா' என்னும் 2014ஆம் ஆண்டு விதியும் அதே அமைப்புடையதே. ஏழாம் படி என்பது விளையாட்டின் மனிதன்.

ஆனால் இலக்கண வடிவம் ஒன்றாயினும் பேச்சுச் செயல் வேறு. வரத்திற்குக் கொடுப்பவன் உண்டு, பெறுபவன் உண்டு, பெறுதற்கு முன் செய்த தவம் உண்டு. அது முன்னிலையில் கூறப்படுவது. பட்டியல் படர்க்கையில் கூறப்படுவது. யார் அளித்த காப்பு என்னும் வினாவுக்கு அங்கு விடையில்லை. வரத்தின் மறுபக்கமான சாபத்திற்கு எல்லையும் உண்டு. விராதனும் கவந்தனும் சாபத்தால் அரக்க உருக்கொண்டவர்கள், கொல்லப்பட்டபோது விடுபட்டனர். இறப்பு அவர்களுக்கு வீடு. கையேட்டில் இது தலைகீழாகிறது. 2014ஆம் ஆண்டுக் கதைக்குறிப்பின்படி ரக்ஷாசாவின் பிறப்பிடம் இந்தியா அன்று, ஒன்பது நரகங்கள். கொல்லப்பட்டால் அது அங்குத் திரும்பிச் சென்று, மீண்டும் உருக்கொண்டு, கொன்றவனைத் தேடி வரும். அதே பதிப்பில் அதன் நகம் பட்டவனுக்கு ஓய்வு பயன்படாது, தீக்கனவுகள் வருத்தும். கும்பகருணனுக்குத் தூக்கம் சாபமாக இருந்தது; அவன் குலத்தார்க்கு மேசையில் பிறர் தூக்கத்தைக் கெடுக்கும் ஆற்றல் தரப்பட்டிருக்கிறது.

என் நோக்கில் கையேட்டின் உண்மையான குறை இதுவே. புலித்தலை குறையன்று, குறுக்குவில் குறையன்று. 'வரை' என்னும் இடைச்சொல் அங்கு இல்லாமையே குறை. நெல்லை மாவட்டத் திருக்குறுங்குடியில் கைசிக ஏகாதசியன்று நடிக்கப்பெறும் கைசிக நாடகத்தில், பாணர் குலத்து நம்பாடுவானைப் பிரமராட்சசு வழிமறிக்கிறது. இறைவனைப் பாடிவிட்டுத் திரும்பி வரும் வரை தன்னை விடுமாறு அவன் கேட்கிறான். சூளுரைக்கிறான், விடப்படுகிறான், சொன்னபடி திரும்பி வருகிறான். அதன்பின் ராட்சசு அவனைத் தின்னவில்லை. அவன் பாடிய பண்ணின் பயனைக் கேட்டுப் பெற்று விடுதலை அடைகிறது. இவ்வுயிரைக் கையேட்டில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஊறு செய்வது எது? கணையன்று, வாள் அன்று. கொடுத்த சொல்லைக் காத்தல். அதற்கு எந்த எண்ணைத் தருவது? விளையாட்டைப் பழித்துக் கூறியதாக இதனைக் கொள்ள வேண்டா. மேசையில் ஆடுவோர் பேசித்தான் ஆடுகின்றனர். சூளுரைக்கவும் கெஞ்சவும் அவர்களால் இயலும். அதற்குரிய இடம் ஆட்டத்தில் உண்டு, பதிவில்தான் இல்லை. பொதுவுடைமையாக்கப்பட்ட தொகுப்பில் கதைக்குறிப்பு நீக்கப்பட்டிருப்பதால் இவ்விடம் மேலும் சுருங்கிவிட்டது.

6. பெயர்ப்புக்கான பரிந்துரை

ஒலிபெயர்த்து 'ரக்ஷாசா' என்றே எழுதலாம் என்பர் சிலர். சப்பானிய, சீன மொழிப் பெயர்களுக்கு அது பொருந்தும். வீட்டைவிட்டுச் சென்று திரும்பிய சொல்லை வேற்றூரார் உச்சரிப்போடு வரவேற்பது எனக்கு உடன்பாடன்று. வாசகன் அதனை அரக்கனோடு உறவுடையதாக அறியவே மாட்டான். 'மாயாவி' ஓர் ஆற்றலைப் பெயராக்குகிறது. அடுத்த பதிப்பில் அவ்வாற்றல் மாறினால் பெயர் பொய்யாகிவிடும். மேலும், கையேட்டில் வரும் வேறு பல உயிர்களும் மாயம் செய்வனவே. 'பேய்' என்னும் பொதுச்சொல்லை எல்லாவற்றுக்கும் இடுவது மொழிபெயர்ப்பாளரின் சோம்பலுக்குச் சான்று. அலாவுதீன் கதையில் 'பூதம்' புகுந்ததும், இரத்தம் குடிக்கும் மேனாட்டுப் பேய்க்கு வழிபாடு பெறும் தெய்வமாகிய காட்டேரியின் பெயர் இடப்பட்டதும் இன்று மாற்றத் தக்கன அல்ல. அவற்றிலிருந்து ஒன்று கற்றுக்கொள்ளலாம்: வழக்கில் உயிர்ப்புடன் உள்ள சொல்லைப் புதுப்பொருளுக்கு இட்டால் பழம்பொருள் துன்புறும்.

எனவே நான் பரிந்துரைப்பது 'இராக்கதன்'. பேச்சு வழக்கில் இல்லாத சொல். ஆதலின் பருமையும் கொடுமையும் அதில் ஒட்டியிருக்கவில்லை. காப்பியங்களில் உள்ள சொல். ஆதலின் அரக்கனோடு உள்ள உறவு கற்றோர்க்கு விளங்கும். கல்லாதார்க்கும் ஒலி ஓரளவு வழிகாட்டும். இலக்கண விதிக்கும் மாறன்று. வகுப்பில் இதற்கு எழுந்த மறுப்பு நியாயமானதே: பதினைந்து வயதுச் சிறுவர் ஆடும் ஆட்டத்தில் இத்தகைய பழஞ்சொல் நாவில் புரளுமா? ஆங்கிலச் சிறுவர்க்கும் 'ரக்ஷாசா' 1977இல் நாவில் புரண்டிருக்காது என்பதே என் விடை.

பதிவின் எஞ்சிய பகுதியை மாணவர்கள் பெயர்த்து முடித்தனர். ஊறு பற்றிய வரி, 'நல்லோர் கையில் ஏந்திய மந்திரப் படைக்கலம் துளைத்தால் ஊறு இருமடங்கு' என்றாயிற்று. அறநிலை பற்றிய வரியில் மட்டும் இணக்கம் ஏற்படவில்லை. 'ஒழுங்குடைத் தீமை' என்று எழுதி, அருகே 'பெரும்பாலும்' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும் என்று ஒரு மாணவி வற்புறுத்தினார். மூலத்தில் அச்சொல் இல்லை என்று சுட்டிக்காட்டினேன். வீடணனை என்ன செய்வது என்று அவர் கேட்டார். அவ்வரி இன்னும் கரும்பலகையில் எழுதியபடியே கோப்பில் இருக்கிறது, அடைப்புக்குறிக்குள் ஒரு வினாக்குறியோடு.